சிலிர்க்காத கிடாய்

தம்பிக்கு,

சுகமா என்று கேட்க மாட்டேன். போன கோடையில் என் கிணறு வற்றியபோது உன்னிடம் ஒரு நாள் தண்ணீர் கேட்டேன். வாய்க்காலில் முள்ளை வெட்டிப் போட்டாய். என் பருத்தி கருகியது. இந்த வருஷம் நான் கிணற்றை ஆழம் வெட்டினேன். உன் கிணறு வற்றிவிட்டது. அது எனக்குப் போதவில்லை. நீ அடியோடு அழிய வேண்டும் என்று முனியப்பனுக்குக் கிடாய் வெட்டப் போனேன்.

மஞ்சள் தண்ணீர் ஊற்றினோம். கிடாய் சிலிர்த்தால்தானே சாமி சம்மதம்? குடம் குடமாய் ஊற்றியும் அசையாமல் நின்றது.

“சாமிக்கு மனசில்லீங்க அம்மிணி. வேற ஏதாச்சும் கேட்டுப் பாருங்க” என்றார் பூசாரி.

எரிச்சலில், “அப்பறம் என்னுங்க, அவன் பயிருக்கு நான் தண்ணி உடோணுங்களா?” என்றேன். உடனே சிலிர்த்தது. என் சேலையெல்லாம் நனைந்தது.

இன்று காலை அழுதுகொண்டேதான் கவலை ஏற்றத்தில் மாடுகளைப் பூட்டி இறைத்து, தண்ணீரை உன் பக்கம் திருப்பினேன். அது உன் ராகிக்குள் ஓட ஓட, என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். சொன்னதைச் செய்கிற மனசையும் சாமியே கொடுத்தது போலிருக்கிறது. இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை.

நாளைக்கும் விடுவேன். உன்னோடு பேசச் சொல்லிச் சாமி உத்தரவில்லை, பேச மாட்டேன். இனி உன் வீட்டுக் களியில் ஒவ்வொரு உருண்டையிலும் என் தண்ணீர் இருக்கும். வயிறாரச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்தவள்