ஏறுமீனுக்கு வழி விடுங்கள்

பிப்ரவரி 9

என் அருமை நாத்தனாருக்கு,

சுகமா என்று விசாரிக்கக்கூடப் பொறுமையில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். மின்சாரக் கம்பெனி ஒத்துக்கொண்டுவிட்டது! அணையைத் திறக்கப் போகிறார்கள். வெள்ளம் வந்து வழிந்ததற்காக இல்லை, கரண்ட் எடுப்பதற்காகவும் இல்லை. மீனுக்காக!

போனில் சொல்லலாம் என்றால் இந்த மலையில் சிக்னல் வேண்டுமே. மொட்டை மாடியில் ஏறி நின்று கத்தினால் உனக்குப் பாதிதான் கேட்கும், எங்கள் தெருவுக்கு முழுசும் கேட்கும். கடிதம்தான் நமக்குச் சரி.

கூட்டம் எங்கள் தோட்டக்காரர் சங்கத்தின் பழம் பிரிக்கும் கொட்டகையில் நடந்தது. நாற்காலி போதவில்லை. கம்பெனி மேனேஜர் ஆரஞ்சுப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். பக்கத்துப் பெட்டியில் டவுன் குடிநீர் வாரியத்து ஓவர்சியர். அவருக்குப் பக்கத்தில் சங்கத் தலைவி என்ற ஹோதாவில் நான். உங்கள் மீனவர் சங்கத்திலிருந்து பொருளாளர் மட்டும் வந்திருந்தார். செயலாளரம்மா, நீ வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கா தெரியாது? அணைப் பக்கம் இருந்து உன் அண்ணன் வருவார் என்பதால்தானே?

இத்தனை வருஷம் ஆளுக்கு ஒரு பக்கம் ஆற்றை இழுத்துக்கொண்டிருந்தோம். சாயங்காலம் கரண்ட் தேவைக்காக அணையைத் திறப்பார்கள். தண்ணீரை நம்பி ஏறுமீன் கடலிலிருந்து உள்ளே வரும். காலையில் அணையை மூடுவார்கள், மீன் பாதி வழியில் கிடந்து சாகும். தப்பி வந்ததை டவுன் தடுப்பணை மறிக்கும். அதையும் தாண்டி வந்தால், முட்டையிட வேண்டிய கூழாங்கல் படுகையை எங்கள் மோட்டார்கள் உறிஞ்சிக் காய வைத்திருக்கும். மேனேஜரே இதையெல்லாம் சொல்லிவிட்டு, "தனித்தனியா யார் என்ன செஞ்சாலும் வீண்தாங்க. செஞ்சா எல்லாரும் சேர்ந்து செய்யணும், ஒரே வாரத்துல" என்றார். மார்ச் இருபதுக்கு மேல் ஒரு வாரம் அவர்கள் அணையைத் திறந்து வைக்க வேண்டும். நாங்கள் மோட்டாரை நிறுத்த வேண்டும். டவுன்காரர்கள் தடுப்பணை ஷட்டரைத் தூக்க வேண்டும். நீங்கள் முகத்துவாரத்தில் வலையை எடுத்துவிட வேண்டும்.

கடைசி வரியைப் படித்ததும் உன் மூக்கு சிவந்திருக்கும். கோபப்படாமல் யோசி.

உன் அண்ணன் மூலையில் உட்கார்ந்திருந்தார். உங்கள் பொருளாளர் உன் பெயரைச் சொன்னபோதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆறு வருஷமாகிறது. அணை திடீரென்று திறந்து தண்ணீர் உங்கள் படகுகளை அடித்துக்கொண்டு போனபோது, "அணையில உட்கார்ந்திருக்கிறவங்களுக்குக் கண்ணே கிடையாதா?" என்று டிவியில் கேட்டாய். அன்று மேலிடத்து உத்தரவுக்கு ஷட்டரைத் தூக்கியது அவர்தான் என்று உனக்கு அப்போது தெரியாது. தெரிந்த பிறகு நீயும் இறங்கி வரவில்லை, அவரும் இறங்கி வரவில்லை. நடுவில் நான் ஒருத்தி.

உடனே பதில் போடு.

அன்புடன்,
உன் அண்ணி


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்த இடத்திலேயே நின்று படித்தேன். முதல் பாராவில் குதித்தேன். பாதியில் அழுகை வந்தது. அந்தக் கடைசி வரியில் உங்களைத் திட்டினேன், மன்னித்துக்கொள்ளுங்கள். சத்தமாகத் திட்டியதால் தபால்காரர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

அண்ணி, ஏறுமீன் வரும் அந்த ஒரு வாரத்தை நம்பித்தான் எங்கள் ஆட்கள் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறார்கள். சங்கக் கட்டடத்தில் விஷயத்தைச் சொன்னதும் கூரை பறந்துவிடும் போலாகிவிட்டது. எங்களில் மூத்த படகுக்காரர் ஒருவர் உண்டு, எல்லோரும் 'சுக்கான்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் திரும்பும் பக்கம்தான் மற்றப் படகுகள் திரும்பும். அவர் எழுந்து, "தண்ணி விடு தண்ணி விடுன்னு தொண்டை கிழியக் கேட்டது நாம. இப்ப தண்ணி வர்ற நேரத்துல வலைய மடிச்சு வச்சுட்டுக் கரையில உட்கார்ந்து வேடிக்கை பாக்கணுமா? இது எந்த ஊரு நியாயம்மா?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லையே. போன வருஷம் அவர் வலையில் விழுந்த ஏறுமீனை ஒரு கூடையில் அடக்கிவிடலாம். அதையும் விட்டுக்கொடு என்றால் மனுஷனுக்கு வலிக்காதா?

கூட்டத்துக்கு நான் வராததற்குக் காரணம் கேட்டிருக்கிறீர்கள். கேட்கவில்லை, சொல்லியே விட்டீர்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி துடைத்தாராமா? பவர் கூடியிருக்கிறதோ என்னவோ, டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

குழப்பத்துடன்,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 26

என் அருமை நாத்தனாருக்கு,

உன் கூரை மட்டும்தான் பறந்ததா? இங்கே என்னைத் தலைவி பதவியிலிருந்து இறக்கிவிடுகிறேன் என்று கிளம்பிவிட்டார்கள். ஆரஞ்சு பூக்கும் நேரத்தில் ஒரு வாரம் மோட்டாரை நிறுத்து என்றால் சும்மா விடுவார்களா? ஆற்றோரத் தோட்டக்காரர், நம் வீட்டுக்கு எதிரே இருப்பாரே பரட்டைத் தலையர், அவர் என் முகத்துக்கு நேரே, "உங்க நாத்தனார் பிடிக்கிற மீனுக்கு எங்க பூ உதிரணுமா?" என்று கேட்டார். "என் நாத்தனாரும் பிடிக்கப் போறதில்லைங்க, வலைய எடுக்கிறா" என்றேன். ஆக, நீ இன்னும் எடுக்காத முடிவை நான் இங்கே அறிவித்துவிட்டேன். வாயாடிக்கு வாழ்க்கைப்பட்டால் இதெல்லாம் சகஜம் என்று உன் அண்ணன் சொல்வார். நாத்தனாருக்கும் அது பொருந்தும்.

வழியும் கண்டுபிடித்துவிட்டோம். முன்கூட்டியே தண்ணீர் பாய்ச்சி, மரத்தடியில் வைக்கோல் பரப்பினால் ஈரம் ஒரு வாரம் தாங்கும். வைக்கோலை இறக்கித் தர லாரி அனுப்புவது யார் தெரியுமா? குடிநீர் வாரியம்! மேட்டுத் தோட்டங்களில் மண் கரையாமல் இருந்தால் அவர்கள் வடிகட்டும் தொட்டியில் சேறு குறையுமாம். ஒருத்தர் தலைவலி இன்னொருத்தருக்கு மருந்தாகிறது. இது ஏன் இத்தனை வருஷம் யாருக்கும் தோன்றவில்லை?

அப்புறம் உன் அண்ணன் சமாசாரம். திறப்புத் திட்டத்தை எழுதும் வேலை அவர் தலையில் விழுந்திருக்கிறது. சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதம். தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். ஒரேயடியாகத் திறந்தால் வேலை சுலபம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். இவர் முடியவே முடியாது என்று நின்றிருக்கிறார். "படிப்படியாத்தான் தூக்கணும். ஒவ்வொரு தடவையும் முன்னாடி சங்கு ஊதணும். முகத்துவாரம் வரைக்கும் தகவல் போய், அங்கிருந்து பதில் வந்த பிறகுதான் ஷட்டர்ல கை வைப்பேன்." மேனேஜருக்கு முன்னால் இவ்வளவு நீளமாக அவர் பேசி யாரும் பார்த்ததில்லையாம்.

நீயே புரிந்துகொள்.

அன்புடன்,
உன் அண்ணி


மார்ச் 8

அன்புள்ள அண்ணிக்கு,

ஜெயித்துவிட்டோம்! நான் எடுக்காத முடிவை நீங்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்ட பிறகு வேறு வழி?

திறப்புத் திட்டம் பற்றி நீங்கள் எழுதியதைச் சங்கத்தில் அப்படியே படித்துக் காட்டினேன். 'ஷட்டர்ல கை வைப்பேன்' என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன், அண்ணி. படகு போன வீட்டு ஆட்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள்.

அப்புறம் சொன்னேன்: "அவங்க பூவை விட்டுக்கொடுக்கிறாங்க. கம்பெனி கரண்டை விட்டுக்கொடுக்குது. நாம மட்டும் கையை நீட்டிக்கிட்டே இருந்தா அதுக்குப் பேரு கூட்டா? முட்டை போட மேல போறதைப் பிடிச்சுட்டு, குஞ்சு எங்கேன்னு யார்கிட்ட கேக்கிறது? எங்க வீட்டு வலையை நாளைக்கே அவிழ்க்கிறேன்."

சுக்கான் தாடையைத் தடவிக்கொண்டே எழுந்தார். "சரிம்மா. ஒரு தடவை. ஆனா மீன் மேல ஏறலேன்னா அந்தச் செயலாளர் நாற்காலியை நீ விட்டுடணும்" என்றார். ஒத்துக்கொண்டேன். அவர் கை தூக்கினார். அப்புறம் ஒவ்வொரு கையாக எழுந்தது. தூக்காத கைகளும் நிறைய. அவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான்கு தரப்புக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்திருக்கிறார்களே, 'ஆற்றுப்படுகைக் கூட்டமைப்பு' என்று! உச்சரித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். தூக்கமே வரமாட்டேன் என்கிறது.

உங்கள் நாத்தனார்


மார்ச் 19

அன்பு நாத்தனாரே,

நாளை! நாளைக் காலை முதல் படி!

அவசரத்தில் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். இன்று மத்தியானம் எங்கள் ஆற்றோர மோட்டார்கள் எல்லாம் நின்றன. பரட்டைத் தலையர்தான் கடைசி. சுவிட்சை அணைத்துவிட்டு என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார், பரவாயில்லை. உன் அண்ணன் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். ஜீப் ஏறிய பிறகுதான் கவனித்தேன். பின்னாலேயே ஓடினேன், நிறுத்தவில்லை.

இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் தண்ணீரே வந்துவிடும்.

அண்ணி


மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

எங்கே ஆரம்பிக்க? தண்ணீர் வந்தது, உங்கள் கடிதம் அப்புறம்தான் வந்தது. சங்குத் தகவல் ஒவ்வொரு தடவையும் முன்னாடியே வந்தது. படகுகளை மேட்டில் இழுத்துப் போட்டுவிட்டுக் கரை முழுக்க நின்றோம். ஆற்றின் நிறமே மாறி, முகத்துவாரத்து மணல் திட்டு கரைந்து, வழி திறந்தது. அதற்கு மறுநாள் மீன் வந்துவிட்டது, அண்ணி! தண்ணீருக்குள் யாரோ இருட்டை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி கூட்டமாக! சுக்கான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கட்டாவிட்டால் அந்தக் கை வலையைத் தேடியிருக்கும்.

மீன் ஏறும் வழியைப் பார்த்துக்கொண்டே நாங்களும் கரையோரமாக வேனில் மேலே கிளம்பினோம். டவுன் தடுப்பணையில் போய்ப் பார்த்தால், ஷட்டர் ஒரு முழம் ஏறி அப்படியே சிக்கிக்கொண்டது. அடியில் தண்ணீர் பீறிட்ட வேகத்தில் மீன் எதிர்த்து ஏற முடியவில்லை. கீழே திரண்டு நின்று முட்டுகின்றன, துள்ளுகின்றன, கல்லில் மோதி விழுகின்றன. ஓவர்சியர் வெள்ளைச் சட்டையோடு ஓடுகிறார், "மோட்டார் புகையுதுங்க, போன வாரம்தான் பார்த்தோம், நல்லா இருந்துச்சுங்க" என்று அழாத குறை. சுக்கான் என் பக்கம் திரும்பவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஓவர்சியர் அணை ஆபீசுக்குத் தகவல் சொல்லியிருந்தார் போல, அப்போது ஜீப் வந்தது. இறங்கியது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜீப்பிலிருந்து செயின் பிளாக்கை, அதுதான் சங்கிலி போட்டுப் பாரம் தூக்குவார்களே, அதை இறக்கச் சொன்னார், மேலே ஏறினார், பல்சக்கரத்தில் கையை விட்டார். முழங்கை வரை கிரீஸ். கீழே சங்கிலியைப் பிடித்து இழுக்க ஆள் வேண்டும் என்றதும், எங்கள் படகுக்காரர்கள், மீனைப் பார்க்க இறங்கி வந்திருந்த உங்கள் தோட்டத்து ஆட்கள், வெள்ளைச் சட்டை ஓவர்சியர் எல்லோரும் ஒரே சங்கிலியில். சுக்கான்தான் முன்னால் நின்று குரல் கொடுத்தார், வலை இழுக்கிற அதே குரல். நானும் பிடிக்க ஓடினேன். ஷட்டர் கிறீச்சிட்டது.

மேலேயிருந்து ஒரு சத்தம்: "ஏய், தள்ளி நில்லு! நனைஞ்சிடுவே!"

ஆறு வருஷத்துக்குப் பிறகு என் அண்ணன் என்னிடம் பேசியது இதுதான்.

"நான் என்ன சர்க்கரையா, கரைஞ்சு போக? நீ தூக்கு அண்ணா!" என்று கத்தினேன்.

தூக்கிவிட்டார். எல்லோரும் தலையோடு நனைந்தோம். தண்ணீர் பரவி அமைதியானதும் முதல் மீன் உள்ளே போனது, அப்புறம் பத்து, அப்புறம் எண்ண முடியவில்லை. ஓவர்சியர் சுக்கானைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சுக்கானும் விலகவில்லை.

அண்ணன் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "படகெல்லாம் பத்திரமா?" என்றார்.

"நீ ஊதின சங்கு கேட்டுச்சு. எல்லாம் மேட்டுல இருக்கு."

தலையாட்டினார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஒரு வாய் தண்ணீர் குடி என்றுகூட நான் சொல்லவில்லை. வேன் முழுக்க எல்லோரும் பாட்டும் கூத்துமாக வந்தார்கள். நான் அந்த இரண்டு வரியையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் ஏதாவது சொன்னாரா, அண்ணி?

உங்கள் நாத்தனார்


மார்ச் 28

என் அருமை நாத்தனாருக்கு,

அன்று சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தார். "என்ன ஆச்சு?" என்றேன். "ஷட்டர் தூக்கியாச்சு" என்றார். அவ்வளவுதான். உன்னைப் பார்த்ததையே உன் கடிதம் வந்துதான் தெரிந்துகொண்டேன். அதை அவர் கண்ணில் படும்படி மேஜைமேல் வைத்தேன். படித்தார். மடித்து வைத்துவிட்டு டூட்டிக்குப் போனார். எனக்கு வந்த ஆத்திரம்!

நேற்று விடிந்ததும் ஆற்றோரத்திலிருந்து கத்துகிறார்: "சீக்கிரம் வா! செருப்பெல்லாம் வேண்டாம், வா!"

வந்துவிட்டன, பெண்ணே! கூழாங்கல் படுகை முழுக்க! தண்ணீர் கணுக்கால் ஆழம்தான், முதுகு வெளியே தெரிய நெளிந்து நெளிந்து ஏறி, பெண் மீன்கள் வாலால் கல்லை அடித்துப் பள்ளம் பறிக்கின்றன. அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டுமே! என் கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தக் கரையில் மோட்டார் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் தோட்டக்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். யார் பேசினாலும் "உஸ்ஸ்" என்று அதட்டியது சாட்சாத் பரட்டைத் தலையர். மேனேஜர் பளபளக்கிற ஷூவோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். உன் சுக்கானிடம் சொல், நாற்காலியில் நீ சம்மணம் போட்டே உட்காரலாம்.

உன் அண்ணன் முழங்கால் வரை சுருட்டிவிட்டு ஓரமாக நின்றார். "அவ பார்க்கணும் இதை" என்றார், என்னிடம் இல்லை, ஆற்றிடம். "நீங்களே எழுதுங்களேன்" என்றேன். "நீதான் நல்லா எழுதுவே" என்று நழுவினார். நான் விடவில்லை. இந்தக் கடிதத்தையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போகிறேன். கீழே காலியாகவே இருந்தால், மனுஷன் திருந்தவில்லை என்று வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணி

அடுத்த வருஷம் இன்னும் மூன்று நாள் கூடுதலாகத் திறந்து வைத்தால் பிந்தி வரும் மீனும் ஏறிவிடும். நான் சொன்னால் கம்பெனியில் கேட்க மாட்டார்கள். நீ கூட்டத்துக்கு நேரில் வந்து, டிவியில் கேட்ட மாதிரி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள். நான் எதிர் நாற்காலியில்தான் இருப்பேன். பயப்படாமல் கேள்.

அண்ணன்