முன்னால் தூக்கிய கால்

என் அன்புக்கும் பயத்துக்கும் உரியவளுக்கு,

நான் நலம். உன் தலைவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

ஒரு வேடிக்கை கேள். போன ஞாயிறு இங்கே எங்கள் கிடங்கில் வேலை செய்யும் ஆட்களோடு டூயத்லான் போட்டிக்குப் போனேன். முதலில் ஓட்டம், பிறகு சைக்கிள், மறுபடியும் ஓட்டம். "இந்தத் தொப்பையோட இதெல்லாம் தேவையா?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது.

ஓட்டத்தில் நாக்குத் தள்ளினாலும் சைக்கிளில் பத்துப் பேரை முந்தினேன். சைக்கிளை விட்டு இறங்கவேண்டிய கோட்டருகே எல்லோரும் காலைப் பின்னால் சுழற்றி இறங்கினார்கள். நான் மட்டும் காலை மடக்கி முன்கம்பிக்கு மேலே தூக்கினேன். கால் சிக்கி, வண்டியோடு குப்புற விழுந்தேன். பயப்படாதே, முட்டியில் சிராய்ப்புதான்.

தூக்கிவிட்ட எங்கள் மெக்கானிக், "ஏம்ப்பா, எல்லாரையும் மாதிரி இறங்கத் தெரியாதா?" என்றார்.

"பின்னாடி ஆள் உக்காந்திருக்கும்போது எப்படிண்ணே காலைப் பின்னாடி போடுறது?" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். அந்த வண்டியில் கேரியரே இல்லை.

நான் இறங்கி வண்டியைப் பிடித்துக்கொண்டால்தான் நீ இறங்குவாய். ஏழு வருடம் உன்னைத் தையல் கடையில் விட்ட பழக்கம், கால் மறக்கவில்லை. மீதியை நொண்டியே ஓடி முடித்தேன். கடைசிக்கு முந்தின ஆள் நான்தான்.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் ஒரு பழைய துண்டு கொடுத்தனுப்பு, நீ துவைத்ததாக இருக்கட்டும். வாசலில் கிடங்கு வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். உன் தம்பி எவ்வளவு கெஞ்சினாலும் நம் சைக்கிள் கேரியரை மட்டும் கழற்றிக் கொடுத்துவிடாதே.

முட்டி சிராய்த்த
உன் வண்டிக்காரன்