எல்லாமே பச்சைப் பலகை

மார்ச் 12, செவ்வாய். ஈசூன்.

சேகர் அண்ணனுக்கு இன்று வேலை போய்விட்டது. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஜொகூர்க்காரர், எங்கள் கம்பெனி லாரிக்குப் புது ஓட்டுநர். பின்னால் ஊழியர்களை உட்காரவைத்துக்கொண்டு விரைவுச்சாலையில் போகக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. அவர்கள் உயிருக்காக இல்லை. யாராவது படம் எடுத்து இணையத்தில் போட்டுவிடுவார்கள் என்பதற்காக. இன்று போட்டுவிட்டார்கள்.

"எங்க பக்கம் ஹைவேன்னா பச்சை போர்டு, சாதா ரோடுன்னா நீலம். இங்க எல்லாமே பச்சையா இருக்கு லா. எது ஹைவேன்னு தெரியாம ஏறிட்டேன், பாஸ்," என்றார் அண்ணன்.

"கதை விடாதீங்க," என்றார் முதலாளி.

உத்தரவை வேண்டுமென்றே மீறினார் என்று நான்தான் பணிநீக்கக் கடிதம் தட்டச்சு செய்தேன். பலகையின் நிறத்தைப் பற்றி ஒரு வரி சேர்த்தேன். முதலாளி எடுக்கச் சொன்னார். எடுத்தேன். சாட்சியாகக் கையெழுத்தும் போட்டேன். பன்னிரண்டு பேரைச் சாமான் மாதிரி ஏற்றி அனுப்பியவரைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை.

எல்லை தாண்டி ஊர் திரும்ப உட்லண்ட்ஸ் பேருந்துக்குக் கிளம்பும்போது, "பரவால்ல தம்பி, நீ உன் வேலையக் காப்பாத்திக்க," என்றார் அண்ணன்.

திட்டியிருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.