அமாண்டாவின் முகம்

காசான், மரிந்துகே தீவு
14 மார்ச் 1993

மைலீன் பஸ்குவால் என்ற நடிகைக்கு,

உன் நலத்தை விசாரிக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் கடிதம் என்றால் விசாரிக்கத்தானே வேண்டும். நலமாயிரு.

நான் சலுத் லொக்மாவ். உனக்கு முன்னால் மத்தியானம் மூன்று மணிக்கு வரும் அந்த டிவி தொடரில் அமாண்டாவாக நடித்த டெலியாவின் அம்மா. ஜனவரியில் அவள் ஏறிய படகு எங்கள் தீவுக்கு வந்து சேரவில்லை. அவளும் கிடைக்கவில்லை. நீ செய்தித்தாளில் படித்திருப்பாய்.

கார் விபத்தில் அமாண்டாவின் முகம் சிதைந்துவிட்டது, டாக்டர்கள் புது முகம் வைத்தார்கள் என்று கதையை மாற்றினீர்களே, அந்த முகத்துக் கட்டுத்துணியை அவிழ்த்த வியாழக்கிழமை எங்கள் தெருவே என் தோழி பேசிங்கின் வீட்டில் கூடியிருந்தது. மின்சாரம் இல்லை. பேசிங்கின் தம்பி தன் டிரைசிக்கிள் பேட்டரியைக் கழற்றிவந்து டிவிக்குக் கொடுத்தான். டாக்டர் ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார். நான் முட்டாள் இல்லை. உள்ளே வேறொருத்தி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். உன் மூக்கு தெரிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

பேசிங் கத்தியது என் வீடுவரை கேட்டது. "இவளா அமாண்டா? இந்த மூஞ்சியப் பாத்து கப்ரியேல் மயங்குவானா? நாளையிலேருந்து இந்த வீட்டுல எவளும் இந்தக் கருமத்தப் பாக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

உன்மேல் கோபமில்லை என்று பொய் எழுத மாட்டேன்.

சலுத் லொக்மாவ்

*

கேசோன் நகரம்
2 ஏப்ரல் 1993

மதிப்பிற்குரிய சலுத் அம்மாளுக்கு,

மைலீன் வணங்கி எழுதுகிறேன். உங்கள் கடிதம், என்னைத் திட்டி வந்த மூன்று மூட்டைக் கடிதங்களுக்கு நடுவில் இருந்தது. அதில் மட்டும்தான் "நலமாயிரு" என்று இருந்தது.

போன வாரம் மீன் வாங்கப் போனேன். மீன்காரம்மா துண்டை உதறிவிட்டு, "செத்தவ செருப்புல காலை விட்டுட்டு வந்து நிக்கிறியே, உனக்கு மீன் ஒரு கேடா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் பஸ்ஸில் ஏறி அழுதேன்.

எனக்கு இருபத்திரண்டு வயது. என் பின்னால் தம்பி தங்கைகள் நான்கு பேர் படிக்கிறார்கள். மூன்று வருஷமாகத் தட்டில் காப்பி கொண்டுவந்து வைக்கும் வேலைக்காரி வேடம்தான் எனக்குக் கிடைத்தது. டெலியா அக்காவுக்கே எத்தனையோ முறை வைத்திருக்கிறேன். ஒருநாள் காட்சி முடிந்ததும் அவர், "ஏய், நீ எதாவது குடிச்சியா?" என்று கேட்டுவிட்டுத் தன் கோப்பையை என் பக்கம் தள்ளினார். அங்கே யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

நான் இந்த இடத்தைக் கேட்கவில்லை, அம்மா. கொடுத்தார்கள்.

தங்கள்
மைலீன்

*

காசான்
25 ஏப்ரல் 1993

மைலீனுக்கு,

அவள் கோப்பையைத் தள்ளினாள் என்று படித்ததும் கொஞ்ச நேரம் கடிதத்தை மூடிவைத்தேன். அது என் மகள்தான்.

பேசிங்கின் சபதம் நான்கு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் "சும்மா பாட்டுக்காக வச்சேன்" என்றாள். இப்போது உனக்காக மூக்கைச் சிந்துகிறாள். "பாவம்டி, புள்ள நல்லாத்தான் அழுவுது. பெத்த பிள்ள செத்துப்போச்சுன்னு நெனச்சிட்டிருக்கா. அத அந்த விக்டோரியா சீமாட்டி மாடியிலயே ஒளிச்சு வளக்குறா. நானா இருந்தா அவ கொண்டைய அறுத்திருப்பேன்!" கறிக்கடைக்காரன் தன் பன்றிக்கு விக்டோரியா என்று பேர் வைத்திருக்கிறான். பாதிரியார் மூன்று மணி ஜெபத்தை நான்கு மணிக்குத் தள்ளிவிட்டார், ஆள் வருவதில்லையாம்.

இப்போது எல்லோரும் உன்னை அமாண்டா என்கிறார்கள். டெலியா என்று யாரும் சொல்வதில்லை. என் எதிரில் சொல்லக் கூடாது என்று நினைக்கிறார்களோ என்னவோ.

ஒன்று கேட்க வேண்டும். செவ்வாய்க்கிழமை கப்ரியேல் உன்னைவிட்டுப் போனபோது, அழுவதற்கு முன் இடது கட்டைவிரலால் மூக்கின் ஓரத்தை அழுத்தினாய். அது டெலியா செய்வது. சிறுபிள்ளையிலிருந்து செய்வாள். உனக்கு யார் சொன்னது?

சலுத்

*

கேசோன் நகரம்
9 மே 1993

அன்புள்ள சலுத் அம்மாவுக்கு,

மன்னித்துவிடுங்கள், அதை நான் திருடினேன். வேடம் கிடைத்ததும் பிப்ரவரியில் டிவி நிலையத்து வீடியோ நாடா அறையில் உட்கார்ந்து அக்கா நடித்த பத்தொன்பது நாடாக்களைப் பார்த்தேன். "அவள மாதிரி செய்யாத, உன்ன மாதிரி செய்" என்றார் இயக்குநர். எனக்குப் பயம். ஏதாவது ஒன்று அவருடையதாக இருந்தால் ஜனங்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

போன வாரம் என் தம்பிக்குக் கடும் காய்ச்சல். வீட்டில், கேமரா எதுவும் இல்லாமல், அழுகை வந்தது. கட்டைவிரல் தானாகவே மூக்குக்குப் போனது. இதற்கு முன் நான் எப்படி அழுவேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை.

மைலீன்

*

காசான்
30 மே 1993

மகளே,

தம்பிக்குக் காய்ச்சல் விட்டதா? கஞ்சியில் இஞ்சியை நிறையத் தட்டிப்போடச் சொல்.

அந்தப் பத்தொன்பது நாடாவில் எனக்கு ஒன்று அனுப்புவாயா? பாதிரியார் வீட்டில் போட்டுப் பார்க்கும் கருவி இருக்கிறது. என்னிடம் புகைப்படங்கள் நிறைய இருக்கின்றன. படத்தில் இருப்பவள் அசைய மாட்டாள், மகளே. அவள் ஒரு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவது போதும். வசனம்கூட வேண்டாம். எனக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறது, அதனால்தான் கேட்கிறேன்.

சலுத் அம்மா

*

கேசோன் நகரம்
21 ஜூன் 1993

அன்புள்ள அம்மா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்துப்போட்டேன்.

அந்த நாடாக்களில் இப்போது அக்கா இல்லை. ஒளிபரப்பு முடிந்ததும் அதே நாடாவின்மேல் புதிதாகப் பதிவு செய்துவிடுவார்களாம். எனக்குத் தெரியாது. நாடா அறைக்காரர் சிரித்தார். "போய்ச் சேந்தவங்களுக்கெல்லாம் அலமாரி வச்சா, இருக்கிறவங்கள எங்கம்மா வைக்கிறது?" பத்தொன்பதும் அங்கேயே இருக்கின்றன. ஒட்டியிருந்த சீட்டில் அக்காவின் காட்சிகளை அடித்துவிட்டு, மேலே என்னுடையவற்றை எழுதியிருக்கிறார்கள். உங்கள் மகளின்மேல் என்னைப் பதிவு செய்திருக்கிறார்கள், அம்மா.

நான் விடவில்லை. என் காட்சி முடிந்த பிறகு பழையது மிச்சமிருக்குமா என்று ஒவ்வொன்றையும் கடைசிவரை ஓட்டினேன். ஒரே ஒரு நாடாவில், கடைசியில், மேஜைமேல் ஒரு கோப்பையும் அதைப் பிடித்த ஒரு கையும் தெரிந்தன. நான்கு விநாடி. அப்புறம் வெறும் புள்ளிகள். அந்தக் கை டெலியா அக்காவுடையதா, காப்பி வைக்க வந்த என்னுடையதா என்று எத்தனை முறை பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

மைலீன்

*

காசான்
18 ஜூலை 1993

மகளே,

உன்மேல் குற்றமில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்று மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். டெலியா கடலிலிருந்து எழுந்து வந்தாள். தலைமுடியெல்லாம் தண்ணீர். "அம்மா, பசிக்குது" என்றாள். குரல் அவளுடையது. நிமிர்ந்து பார்த்தேன், முகம் உன்னுடையது. விழித்த பிறகு அவள் முகத்தைக் கொண்டுவரப் பார்த்தேன். நீதான் வந்தாய். கல்யாண உடை மாதிரி அந்த வெள்ளை கவுனில், கப்ரியேல் பக்கத்தில் நின்றாய். என் தலைக்குள் இருப்பதும் அந்த நாடாதான் போலிருக்கிறது.

பார்க்காமல் இருக்கலாமே என்பாய். நான் பார்க்காவிட்டாலும் ஜன்னல் வழியே தெருமுழுக்க உன் குரல்தான். மூன்று மணி ஆனால் கால் தானாகவே பேசிங் வீட்டுக்குப் போகிறது.

நீ அந்த வேடத்தை விட்டுவிடு, மைலீன். கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். உன் வீட்டுக் கஷ்டம் தெரிந்தும் கேட்கிறேன். பெற்றவள் கேட்கிறாள் என்று நினைத்துக்கொள். அவள் முகம் எனக்கு வேண்டும்.

சலுத் அம்மா

*

கேசோன் நகரம்
30 ஆகஸ்ட் 1993

அன்புள்ள அம்மா,

விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமையோடு சரி. மூன்றாவதாக ஒருத்தியைப் பிடித்துவிட்டார்கள்.

உங்களுக்காக மட்டும் இல்லை, வருத்தப்படாதீர்கள். ஒப்பனைக் கண்ணாடியில் என்னைப் பார்க்கும்போது எனக்கும் பயமாக இருந்தது.

பாதியில் விட்டுப் போனவளுக்கு இங்கே வேறு வேடம் தர மாட்டார்கள். ஒசாகாவில் ஒரு விடுதியில் பாடுவதற்கு ஆறு மாத ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் கிளம்புகிறேன். வீட்டு முகவரிக்கே எழுதுங்கள், தம்பி எனக்கு அனுப்புவான். போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன்.

உங்கள்
மைலீன்

*

காசான்
23 ஜனவரி 1994

என் மகள் மைலீனுக்கு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் உனக்குக் கிடைத்தனவா என்று தெரியவில்லை. உன் தம்பிக்கும் எழுதிக் கேட்டேன். "அக்காகிட்டேருந்து எங்களுக்கும் எதுவும் வரலம்மா. உங்களுக்கு வந்தா சொல்லுங்க" என்று பதில் போட்டிருக்கிறான்.

புது அமாண்டா வந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. முதல் நாள் பேசிங் என்ன குதி குதித்தாள் தெரியுமா? "இவளா அமாண்டா? அந்த மைலீன் பொண்ணு கால்தூசிக்கு வருவாளா?" இப்போது இவளுக்காகவும் அழுகிறாள். ஒளித்துவைத்த பிள்ளை கிடைத்துவிட்டது, கல்யாணம்கூட ஆகிவிட்டது. நான் போய் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பெண்ணின் முகம் என் மனதில் ஒட்டவே இல்லை. நான் நினைத்தபடி டெலியாவும் திரும்பி வரவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாளன்று எல்லோரும் கல்லறைக்குப் போனார்கள். டெலியாவுக்குக் கல்லறை இல்லாததால் நான் கடற்கரையில் மெழுகுவத்தி ஏற்றினேன். கண்ணை மூடி அவளை நினைத்தேன். நீ வந்தாய். திறந்து மறுபடி மூடினேன். அப்போதும் நீதான். இறந்தவர்களுக்கு ஏற்றும் வத்தியை உயிரோடு இருப்பவளின் முகத்தை நினைத்து ஏற்றிவிட்டேனே என்று உடனே அதை ஊதி அணைத்தேன். அன்றிலிருந்து உன்னை நினைத்துத்தான் அழுகிறேன், மகளே. உன்னைக் கடல் தாண்டி அனுப்பியது நான்தான்.

போன வாரம் டெலியாவுக்கு வருஷம் முடிந்தது. பாதிரியார் பூசை வைத்தார். பேசிங் புதுச் சட்டை ஒன்று தைத்துக்கொண்டு வந்து, "துக்கத்துக்குப் போட்ட கறுப்பைக் கழட்டுடி, ஒரு வருஷம் ஆயிடுச்சு, போதும்" என்றாள். இன்னும் கொஞ்சநாள் போகட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவளிடம் எப்படிச் சொல்வேன்? ஒருத்திக்குத்தானே வருஷம் முடிந்திருக்கிறது.

ஒரு வரி எழுது. உன் கையெழுத்தைப் பார்த்த அன்றே கழற்றிவிடுகிறேன்.

அம்மா