சம்பந்தி வீட்டு வெளிச்சம்

அன்பு மகள் மலர்விழிக்கு அப்பா எழுதுவது.

நீ உன் மாமனார் வீட்டுக்கு வெளிச்சம் பார்த்துக் கொடுத்தாய், பெற்றவர்கள் வீட்டை மறந்துவிட்டாய். இதை முதலில் எழுதினால்தான் மற்றது எழுத வரும். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை முகுந்தனும் பாப்பாவும் அந்த டப்ளின் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் சாமி படத்துக்கு முன்னால் சொல்கிறாள், நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம், ஆனால் என் குரல் கொஞ்சம் ஏறினதும் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு பாப்பா நடக்கிறாளா என்று கேட்கப் போய்விடுவாள். அதனால் பாப்பாவுக்கு அவள் தைத்த பட்டுப்பாவாடைப் பார்சலுக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். பாவாடையின் அளவைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் படி.

காஜாங்கில் சம்பந்தி கமலநாதன் புது வீட்டுக்குக் குடிபோனதற்குக் கிள்ளானிலிருந்து நாங்களும் போயிருந்தோம். வாசலில் காலை வைத்ததும் என் தோளில் கையைப் போட்டு, "வாங்க சம்பந்தி, லைட்டெல்லாம் பாருங்க, எல்லாம் நம்ம மலரு செலக்‌ஷன்தான்" என்று இழுத்துக்கொண்டு போனார். நீ வீடியோ காலில் வந்து ஒவ்வொரு அறையாகக் காட்டச் சொன்னாயாம். "அப்பா, ஹாலுக்கு இளமஞ்சள் போடுங்க, உங்க கண்ணுக்கு அதுதான் நல்லது, பேப்பர் படிக்கிற மூலைக்கு மட்டும் பளிச்சுன்னு ஒண்ணு போடுங்கன்னு புள்ள சொல்லிச்சு லா" என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் கையில் கேசரித் தட்டோடு அவர் பின்னால் நடந்தேன். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா என்றாயா? மாமா என்று கூப்பிடுவாய் என்றல்லவா நான் நினைத்திருந்தேன். அவர் கண்ணுக்கு என்ன குறை? நான் துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் கொள்கலன் லோரி ஓட்டுகிறவன், எதிரே வருகிற வண்டியின் விளக்கு இப்போதெல்லாம் பஞ்சு மாதிரி விரிந்துவிடுகிறது, டாக்டர் கண்புரை ஆரம்பிக்கிறது என்றார். அதை உன்னிடம் சொன்னபோது செக் பண்ணுங்கப்பா என்று ஒரு வார்த்தை சொன்னாய். உங்கள் ஹாலில் என்ன பல்பு இருக்கிறது என்று நீ கேட்கவே இல்லை. எனக்கு இது பொறாமைதான். வேறு நல்ல பெயர் இதற்கு எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் எனக்குள் கிடக்கிறது. போன முறை நீ கைக்குழந்தையோடு வந்தபோது நம் வீட்டு டியூப் லைட்டைப் பார்த்து, "என்னப்பா இது, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு, பாப்பா எப்படித் தூங்கும்" என்று சொல்லிவிட்டு மறுநாளே காஜாங்குக்குப் போய்விட்டாய். அந்த டியூப்புக்குக் கீழே உட்கார்ந்து படித்துத்தான் நீ பல்கலைக்கழகத்துக்குப் போனாய், அப்போது அது உன் கண்ணைக் குத்தவில்லை. சரி, அதை விடு. நம் பிளாட் மாடிப்படியில் இன்றைக்கும் விளக்கு எரியவில்லை, பராமரிப்புக் கட்டணம் மட்டும் பிளாட் நிர்வாகத்தார் தவறாமல் வாங்குகிறார்கள். எதிரே புதிதாகக் கட்டின பணக்கார அடுக்குமாடி கொண்டோவில் ஆள் குடியில்லாத வீடுகளுக்கு முன்னால் நிற்கிற பனைமரங்களுக்கு விடிய விடிய விளக்கு. மரத்துக்கு இருக்கிற மரியாதை மாடி ஏறுகிற மனிதனுக்கு இல்லை. நான் என் கைக்காசில் ஒரு பல்பு வாங்கிப் படியில் மாட்டினேன், அனுமதி இல்லாமல் மாட்டியது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டு அதைக் கழற்றி, பழைய எரியாத பல்பையே திரும்ப மாட்டிவிட்டுப் போனார்கள். அனுமதி இருட்டுக்குத்தான் போல. இந்த வீட்டுக்கு நீ வர யோசிக்கிறாய் என்றால் எனக்குப் புரியாமல் இல்லை, புரிவதுதான் எரிச்சல்.

அதனால் காஜாங்கிலிருந்து திரும்பின மறுநாளே தெங்கு கிளானா சாலையில் ராஜனுடைய மின்சாமான் கடைக்குப் போனேன். எந்த ரூமுக்கு அண்ணே என்றான். எல்லா ரூமுக்கும் இளமஞ்சள் கொடு என்றேன். அவன் பெட்டியை என் கண்ணுக்கு நேராகப் பிடித்து, "வாட்டப் பாத்து வாங்காதீங்கண்ணே, அது கரண்டு தின்ற கணக்கு. வெளிச்சம் எவ்வளவுன்னு லூமன்ல போட்டிருக்கான் பாருங்க" என்றான். மரை வைத்துத் திருகுகிற வகையா, அழுத்தித் திருப்புகிற வகையா என்று கேட்டான், நல்ல வேளை பழைய பல்பு ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தேன். கடைசியில், "அக்கா வீட்லதான தைக்கிறாங்க, எல்லாத்துக்கும் மஞ்ச வேணாம்ணே" என்று சொல்லத்தான் செய்தான். கேட்டதைக் கொடு என்று சத்தம் போட்டேன். என் கண்ணுக்குள் காஜாங் ஹால் நின்றது, அவன் சொன்னது காதில் ஏறவில்லை.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டி சுவிட்சைப் போட்டேன். அம்மா ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத் தையல் மெஷினில் போய் உட்கார்ந்தாள். தீபாவளித் தையல் குவிந்து கிடக்கிற நேரம், பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் சேலை வாங்கினவர்கள் பாதிப் பேர் ரவிக்கைக்கு அவளிடம்தான் வருகிறார்கள். மூன்றாம் மாடி டீச்சரம்மாவின் வெளிர் நீல ரவிக்கையை அன்றே முடித்து மடித்து வைத்தாள். காலையில் டீச்சரம்மா அதை வாசலில் வெயிலில் விரித்துப் பார்த்து, "என்னங்க அக்கா, சுத்திலும் பச்ச நூலு ஓட்டிருக்கீங்க" என்றார். மஞ்சள் வெளிச்சத்தில் வெளிர் நீலமும் வெளிர் பச்சையும் அவளுக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. உன் அம்மா கையில் இத்தனை வருடத்தில் நூல் மாறினதே இல்லை என்று உனக்குத் தெரியும். டீச்சரம்மா படி இறங்கின பிறகு, ஒவ்வொரு தையலாகப் பிரித்துக்கொண்டே என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பல்பு வாங்கிட்டு வாங்கன்னா சம்பந்தி வீட்ட வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள். நான் பல்பைக் கழற்ற நாற்காலியைத் தேடினேன்.

இப்போது மெஷினுக்கு மேலே பகல் மாதிரி வெள்ளை, அடுப்படியிலும் வெள்ளை, ஹாலில் நான் உட்காருகிற பக்கம் இளமஞ்சள். உன் பழைய அறைக்கும் இளமஞ்சள்தான், அதிகப் பிரகாசம் இல்லாதது. மாட்டின பிறகு பாப்பா படுக்கிற இடத்தில் நானே மல்லாந்து படுத்துப் பார்த்தேன், நேராகக் கண்ணில் குத்தியது, உடனே ஒரு மூடி வாங்கிப் போட்டேன், மறுபடியும் படுத்துப் பார்த்தேன். அம்மா கதவருகே நின்று, "பாப்பா தூங்கிட்டாளா" என்று கேட்டுச் சிரித்தாள். உனக்கும் சொல்கிறேன், உங்கள் ஊரில் சீக்கிரம் இருட்டிவிடுகிறது என்கிறாய், காய் நறுக்குகிற இடத்திலும் மாடிப்படியிலும் வெளிச்சத்தில் கஞ்சத்தனம் பார்க்காதே, படுக்கிற அறையில் பளிச்சென்று போடாதே. மாப்பிள்ளை விலை குறைவென்று எதையாவது அள்ளிக்கொண்டு வருவார், லேசாகத் துடிக்கிற பல்பு என்றால் திருப்பிக் கொடுக்கச் சொல், தலைவலி வரும்.

நேற்று சம்பந்தி போன் செய்தார். "தீபாவளிக்குப் புள்ளைங்க இங்கதான் எறங்குறாங்க, நீங்களும் இங்கயே வந்துடுங்க சம்பந்தி, இடம் தாராளமா இருக்கு" என்றார். அவர் நல்ல மனிதர்தான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். நீ சொல்லி அவர் சொன்னாரா, அவராகவே சொன்னாரா என்று நான் கேட்கவில்லை, நீயும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா உன் அறை மெத்தைக்குப் புது உறை தைத்துப் போட்டுவிட்டாள். அந்த அறை விளக்கை நான் போடுவதில்லை, பாப்பா வந்து போடட்டும் என்று விட்டிருக்கிறேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதற்கு எங்கள் ஆசி எப்போதும் உண்டு. பாப்பாவுக்கு எண்ணெய் தேய்க்கும்போது காதில் விடாதே என்று அம்மா எழுதச் சொன்னாள். பாவாடை இடுப்பில் மடித்துத் தைத்திருக்கிறது, வளர வளரப் பிரித்துவிடலாம்.

இப்படிக்கு,
உன் அப்பா அய்யாவு,
கிள்ளான், மலேசியா.

விமான நிலையத்திலிருந்து வெளியே வந்தால் கிள்ளான் ஒரு பக்கம், காஜாங் ஒரு பக்கம். உன் டாக்சி எந்தப் பக்கம் திரும்பும்? சம்பந்தியிடம் சொல்வதற்கு முன்னால் எனக்குச் சொல்.