அளவான சட்டை

என் வீட்டுக்காரருக்கு,

நான் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தைக்குக் கண்ணில் சொட்டுமருந்து தவறாமல் விடுகிறீர்களா?

போட்டோ பார்த்தேன். புதுச் சட்டையின் கை மணிக்கட்டோடு கச்சிதமாக நிற்கிறது. கடையில் வாங்கும் எந்தச் சட்டையும் உங்களுக்குக் கை நீளம். நான்தான் மடித்துத் தைப்பேன். போனில் கேட்டால், "எதிர்வீட்டு டீச்சர் அளவெடுத்துத் தைச்சுக் குடுத்தாங்க" என்று சாதாரணமாகச் சொல்கிறீர்கள். உங்கள் கையைப் பிடித்து அளவெடுக்க அவள் யார்?

இங்கே துப்பாக்கிக் கடையில் ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். வானில் எறியும் களிமண் தட்டைச் சுடும் விளையாட்டுக்காக ஒருவர் துப்பாக்கி வாங்கினார். வாங்குபவரின் முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரை அளந்து, தோளில் பதியும் மரக்கட்டையை அதற்கேற்ப வெட்டுவதுதானே என் வேலை? உங்கள் சட்டை நினைப்பிலேயே வெட்டிவிட்டேன். ஆளோ பனைமரம், கட்டை குட்டையாகிப் போனது. "யாரு கைக்கும்மா வெட்டினே?" என்று முதலாளி கத்தினார். கட்டையின் முனையில் ரப்பர் வைத்து நீளத்தைச் சமாளித்தோம். பிறகு ரப்பரை விட்டுக் கட்டையை மட்டும் தனியாக அளந்து பார்த்தேன். இம்மி பிசகாமல் உங்கள் கை நீளம்.

கடைக்கு ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன். தையல் பெட்டியில் இருக்கும் என் அளவு நாடாவை உடனே அனுப்பிவையுங்கள். இங்கே நாடாவுக்குப் பஞ்சமில்லை. அங்கே அது இருக்க வேண்டாம்.

உங்கள் மனைவி