வெடிப்பு விட்ட தரை

பிப். 17, செவ்வாய்

எட்டு மணிக்கே சுள்ளென்று வெயில். இந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. மாசி பிறந்ததுமே கண்மாய் காய்ந்து கிடக்கிறது. என்னைப் பரளச்சி பஸ் ஸ்டாப்பில் விட வந்த என் புருஷன் பாண்டி, வழக்கம்போல ரோட்டை விட்டுக் கண்மாய்க்குள் பைக்கை இறக்கினார். பின்னால் நான், கண்ணை மூடிக்கொண்டு.

"ரோட்டுல போனா என்னவாம்?"

"கட்டிக்கிட்ட நாள்ல இருந்து பயந்துக்கிட்டே வார. வெடிப்பு விட்ட தரை புள்ள. லாரியே போகும்."

இறங்கும்போதும் பயம்தான். கொஞ்சம் சந்தோஷமும். அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அருப்புக்கோட்டை ஆபீஸில் ஏ.சி. மறுபடி ரிப்பேர். ஏதோ வெளிநாட்டின் பனிச்சறுக்கு ஆப்புக்கு வேலை. சறுக்கப் போகிறவர்கள் மலைச்சரிவைப் படம் எடுத்துப் போடுவார்கள். நாங்கள் பார்த்து அழுத்த வேண்டும்: உறுதி, சந்தேகம், ஆபத்து. அதோடு காற்று, சரிவின் அளவு எல்லாம் சேர்த்து மிஷின் வழி சொல்லும். நான் தொட்ட பனி ஃப்ரீசரில் இருப்பது மட்டும்.

இன்று பாதிக்கு மேல் 'சந்தேகம்'.

பிப். 18, புதன்

சார் கூப்பிட்டார். "செல்வி, எல்லாத்துக்கும் சந்தேகம்னு போட்டா ஆப்புல வழியே இருக்காது. அவுக அங்க போறதே திரில்லுக்குத்தான்."

ஆப்பில் புதிதாகத் 'துணிச்சல்' என்று ஒரு கோடு. சறுக்குகிறவர்கள் அதை விரலால் எவ்வளவு தள்ளுகிறார்களோ அவ்வளவு முரட்டு வழி திறக்கும். ஆனால் படத்துக்கு 'உறுதி' விழுந்திருந்தால்தான். அதாவது நாங்கள் சொன்னால்தான்.

ஆப்பின் கருத்துப் பகுதியில் சிவப்புத் தொப்பிக்காரர் இன்றும் எழுதியிருந்தார். பெயர் தெரியாது, படத்தில் தொப்பியும் நரைத்த தாடியும்தான். தினமும் ஒரே சரிவைக் கேட்டு இங்கிலீஷில் சண்டை. "இன்னும் ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள்? இந்த மிஷின் பயந்தாங்கொள்ளி." மிஷினைத்தான் சொல்கிறார். எனக்குச் சுருக்கென்றது.

வாங்க: கடலைப்பருப்பு, பேனா, பாண்டி சட்டைக்குப் பட்டன்.

பிப். 20, வெள்ளி

அவருடைய சரிவே என் திரைக்கு வந்தது. அவரே எடுத்த படம். மேல் ஓரத்தில் நீளமாக வெடிப்பு, நம் கண்மாயில் விட்டிருப்பது போலவே. பார்த்ததும் நிம்மதி. இறுகிய தரை. 'உறுதி' அழுத்தினேன்.

வெடிப்பைப் பார்த்து மட்டும் அழுத்தினேன் என்று எழுதினால் பொய். பயந்தாங்கொள்ளி என்ற சொல்லும் மனதில் இருந்தது.

மூன்று மணிக்கு வழி திறந்தது. அவர் எழுதினார்: "கடைசியில் மிஷினுக்குத் தைரியம் வந்துவிட்டது. நாளை காலை போகிறேன்."

பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். பட்டன் வாங்க மறந்தாயிற்று.

பிப். 23, திங்கள்

ஆப்பில் அந்த வழியை மூடிவிட்டார்கள், கறுப்பாகிக் கிடக்கிறது. கீழே அறிவிப்பு: சனிக்கிழமை பனி சரிந்தது, ஒருவரைத் தேடுகிறார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடிப் படித்தேன். பனியில் வெடிப்பு என்றால் மேல்தட்டு பிய்ந்து சரியப் போகிறது என்று அர்த்தமாம். ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள், இதைச் சொல்லவில்லை. அவர்கள் ஊரில் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை போல.

டிபன் பாக்ஸை மூடினேன். சாரிடம் போய்ச் சொன்னேன்.

"ஒரு படத்த மூணு பேர் பாக்குறீக. ஒருத்தர் தப்பு பண்ணா மத்த ரெண்டு பேர் புடிச்சிருவாகல்ல? அதுக்குத்தான் அந்த ஏற்பாடு" என்று பட்டியலைத் திறந்தார். நான், பாலவனத்தம் மகாலட்சுமி, திருச்சுழி சுசீலா அக்கா. உறுதி, உறுதி, உறுதி. மூன்று பேரும் கரிசல்காட்டுக்காரிகள்.

சார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "வெடிச்சு இறுகித்தான இருக்கு" என்றார். பிறகு, "கம்பெனி சொல்ற வரைக்கும் பழைய மாதிரிதான். மத்தவுககிட்ட படத்தப் பத்திப் பேசாதீக. ரூல் தெரியும்ல?"

பிப். 24, செவ்வாய்

டீ நேரத்தில் ரூலை மீறினேன். மகாலட்சுமி நம்பவில்லை. "வெடிச்ச தரைல எவடி புதைஞ்சா?"

சுசீலா அக்கா டீயைக் கீழே வைத்தார். "உள்ள ஈரமிருந்தா வெடிக்காதேன்னுதான தாயி நானும் அழுத்துனேன்."

வீட்டில் பாண்டியிடமும் சொன்னேன். "மண்ணு வேற, பனி வேற. நீ என்ன செய்வ" என்றார். எனக்கு அது போதவில்லை. அந்த ஆள் என்னை நம்பித்தான் இறங்கினார்.

பிப். 25, புதன்

காலையில் பாண்டி ரோட்டு வழியாகவே கொண்டுபோய் விட்டார். நான் கேட்கவில்லை. பஸ் வரும்வரை அழுதேன்.

தேடுகிறார்கள் என்ற வரி இன்னும் மாறவில்லை.

பிப். 26, வியாழன்

காலை முதல் படம். வேறு மலை, அதே வெடிப்பு. 'ஆபத்து' அழுத்தினேன். சற்று நேரத்தில் முடிவு வந்தது: உறுதி இரண்டு, ஆபத்து ஒன்று.

அந்த இரண்டு பேர் யார் என்று தெரியாது. அறையில் இருபது பேர். எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "வெடிப்பு இருந்தா உறுதின்னு போடாதீக. பனியில அது சரியப் போற இடம்." சுசீலா அக்காவும் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். மகாலட்சுமி நிமிரவில்லை.

"ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க. கூப்பிடுறப்ப வந்தாப் போதும்" என்றார் சார்.

பதினோரு மணி பஸ். குலுக்கலில் எழுத்து கோணல். போனில் ஆப்பைத் திறந்தேன். காலையில் பார்த்த மலை, வழி திறந்தே இருக்கிறது. சறுக்கப் போகிறவர்கள் இரண்டு பேர் அதற்கு 'லைக்' கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள்.

சிவப்புத் தொப்பிக்காரரின் பக்கத்துக்கும் போனேன். அவர் எழுதிய கடைசி வரி இன்னும் அதேதான்: நாளை காலை போகிறேன்.